லோடு ஏறியதும் மூச்சு விடும் கன்வெர்ட்டர்

அமெரிக்காவிலிருந்து உறவினர்கள் கொண்டு வரும் சாதனங்களில் பல 120 வோல்ட்டில் இயங்குபவை. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். அதனால் ஸ்டெப்-டவுன் கன்வெர்ட்டர் தேவைப்படுகிறது. ஆனால் வாங்கி மாட்டினால் மட்டும் போதாது.

ராஜபாளையத்தில் என் சித்தப்பா வீட்டு லேசர் பிரிண்டர் இப்படி வந்ததுதான். ஆன் செய்தால் விளக்கு எரியும். பிரிண்ட் கொடுத்தவுடன் அணைந்துவிடும். "பிரிண்டர் போச்சு" என்று பழைய சாமானுக்குப் போடவிருந்தார். அதே கன்வெர்ட்டரில் 120 வோல்ட் மேஜை விளக்கு நன்றாக எரிந்தது. அப்படியென்றால் கோளாறு எதில்?

முதலில் பிரிண்டரின் பின்புற லேபிளைப் பாருங்கள். அதில் 120 வோல்ட், 6 ஆம்பியர் என்றிருந்தது. இரண்டையும் பெருக்கினால் 720. கன்வெர்ட்டரில் எழுதியிருந்ததோ 500 வாட்! லேசர் பிரிண்டர் சும்மா இருக்கும்போது சில வாட்களே போதும். அச்சிடும்போது மையைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃப்யூசர் சூடாக வேண்டும். அப்போதுதான் மின்சாரத்தை அதிகம் இழுக்கும்.

அடுத்து, பிளக்கில் செருகும் வோல்ட் மீட்டரால் அளந்தோம். லோடு இல்லாமல் 118 வோல்ட். பிரிண்ட் கொடுத்ததும் 92! மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர், ஒரு குழாய் திறந்தால் வேகமாக வரும். எல்லாக் குழாய்களையும் திறந்தால் மெலிந்துவிடும் அல்லவா? அதுபோலத்தான். லோடு இல்லாமல் அளப்பதால் மட்டும் கன்வெர்ட்டரின் தரம் தெரியாது.

கடைசி சோதனை, மாற்றிப் பார்ப்பது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நண்பரிடம் 1500 வாட் டிரான்ஸ்பார்மர் இருந்தது. பிரிண்டரை அங்கே கொண்டுபோய் இணைத்தோம். இருபது பக்கங்கள் தடையின்றி வந்தன. வோல்டேஜ் 114க்குக் கீழே இறங்கவில்லை. பிரிண்டர் மீது குற்றமில்லை!

கவனத்தில் கொள்ளுங்கள்:

* லேபிளில் 100-240 வோல்ட் என்றிருந்தால் கன்வெர்ட்டரே வேண்டாம். பெரும்பாலான லேப்டாப் அடாப்டர்கள் இந்த வகைதான்.
* தேவைப்படும் வாட்டைப் போல இரு மடங்கு திறனுள்ள டிரான்ஸ்பார்மர் வாங்குங்கள். அது கனமாகத்தான் இருக்கும்.
* ஹேர் டிரையர், இஸ்திரிப் பெட்டிக்கென விற்கும் எடை குறைந்த எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர்களில் கம்ப்யூட்டர் சாதனங்களை இணைக்காதீர்கள்.
* மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரைத் தவிருங்கள்.
* கருகல் வாடை வந்தால் உடனே சுவிட்சை அணையுங்கள். கன்வெர்ட்டரைத் திறந்து பார்க்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ஒரு சாதனத்தைத் தூக்கி எறியும் முன், அதற்கு மின்சாரம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பாருங்கள்.