இரண்டு ஏரிகள், ஒரு விடுமுறை

விடுமுறைக்கு இடம் தேர்ந்தெடுப்பது பெரும்பாலான இல்லங்களில் ஒரு மாலைப் பேச்சில் முடிந்துவிடும். குடும்பத்தில் ஒருவர் கோல்ஃப் ஆடுபவராக இருந்தால் அப்பேச்சு சில வாரங்களுக்கு நீள்வதுண்டு. ஆடுபவர் மைதானத்தைப் பார்த்து முடிவெடுக்க விரும்புவார். மற்றவர்கள் மலையையும் ஏரியையும் கடைத்தெருவையும் எண்ணிப் பார்ப்பார்கள். இருசாராருக்கும் இடமளிக்கும் ஏரிக்கரை ஊர்கள் நம் நாட்டில் மிகுதியாக இல்லை. அவற்றுள் முன்னிற்பவை இரண்டு: தால் ஏரியின் கரையில் அமைந்த ஸ்ரீநகர், நைனி ஏரியைச் சூழ்ந்து எழுந்த நைனிதால். நமது வாடிக்கையாளர்களின் வசதிக்காக இவ்விரு ஊர்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு

பதினெட்டுக் குழிகள் கொண்ட ஒரு முழு ஆட்டத்துக்கு நான்கு முதல் ஐந்து மணி நேரம் ஆகும். புறப்பாடு, பயிற்சி, இளைப்பாறல் ஆகியவற்றையும் சேர்த்தால் ஆறு மணி நேரம். ஐந்து நாள் விடுமுறையில் மூன்று நாள் ஆடினால் மொத்தம் பதினெட்டு மணி நேரம் செலவாகிறது. ஆடுபவருக்கு அது இன்பமான பொழுது. உடன் வந்த வாழ்க்கைத் துணைக்கும், பெற்றோருக்கும், பிள்ளைகளுக்கும் அந்தப் பதினெட்டு மணி நேரம் எவ்வாறு கழியப்போகிறது? கோல்ஃப் விடுமுறையின் வெற்றி இவ்வினாவில்தான் அடங்கியுள்ளது. செலவில் பெரும்பங்கு பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் செல்கிறது. அதை அனைவருக்காகவும் செய்கிறோம். எனவே, மைதானத்தை ஆடுபவர் மதிப்பிடட்டும். ஊரை ஆடாதவர் தேர்ந்தெடுக்கட்டும் என்பதே நமது பரிந்துரை.

தால் ஏரிக்கரை

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,585 மீட்டர் உயரத்தில் உள்ளது ஸ்ரீநகர். ஸபர்வான் மலையடிவாரத்தில், தால் ஏரியை நோக்கியவாறு அமைந்துள்ளது ராயல் ஸ்பிரிங்ஸ் கோல்ஃப் மைதானம். அமெரிக்க வடிவமைப்பாளர் ராபர்ட் டிரெண்ட் ஜோன்ஸ் ஜூனியர் வடிவமைத்த இம்மைதானம் பதினெட்டுக் குழிகள் கொண்டது. ஒருபுறம் மலைச்சரிவு, மறுபுறம் ஏரி, இடையே நீர்நிலைகளும் மரக்கூட்டங்களும் என, பந்தைவிடக் காட்சியே கண்ணை இழுக்கும் இடம் இது. நகரின் நடுவே பழமையான காஷ்மீர் கோல்ஃப் கழகத்தின் மைதானம் உள்ளது. மேலும் ஆட விரும்புவோருக்கு, சுமார் ஐம்பது கிலோமீட்டர் தொலைவில், 2,650 மீட்டர் உயரத்தில் குல்மார்க் மைதானம் இருக்கிறது. உயரம் கூடக் காற்றின் அடர்த்தி குறையும். அதே வீச்சுக்குப் பந்து சற்றுக் கூடுதல் தூரம் செல்லும். சமவெளியில் ஆடிப் பழகியவர்கள் மட்டையைத் தேர்வதில் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

ஆடாதவர்களுக்கு ஸ்ரீநகர் தாராளமான ஊர். ஷிகாரா படகு, மிதக்கும் தோட்டங்கள், படகு வீடுகள் ஆகியவை ஏரியிலேயே உள்ளன. நிஷாத், ஷாலிமார், சஷ்மே ஷாஹி ஆகிய முகலாயத் தோட்டங்களும், மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் வரை பூக்கும் டியூலிப் தோட்டமும் ஏரியின் சுற்றுவட்டத்திலேயே, மைதானத்துக்குத் தொலைவில்லாமல் இருக்கின்றன. காலையில் ஒருவர் ஆட, மற்றவர்கள் தோட்டங்களைக் கண்டு, நண்பகலில் அனைவரும் ஒன்றுகூடுவது இங்கு இயல்பாக அமையும். மூத்தோருக்கும் பெரும்பாலும் ஏற்றமில்லாத பாதைகள் கிடைக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏற்ற காலம். குளிர்காலத்தில் பனி மூடிவிடும்.

நைனி ஏரிக்கரை

நைனிதாலின் இயல்பு வேறு. ஏறத்தாழ 1,940 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே கிடக்கும் சிறிய ஏரி அது. அதன் கரையை ஒரு மணி நேரத்தில் நடந்தே சுற்றிவிடலாம். மால் சாலை, நைனா தேவி கோயில், துடுப்புப் படகுகள், பாய்மரப் படகுகள் ஆகியவை நடைதூரத்தில் உள்ளன. ஆனால் மைதானம் ஏரிக்கரையில் இல்லை. மேட்டில், ஆளுநர் மாளிகையின் வளாகத்துக்குள் இருக்கிறது. 1936ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இதற்கும் பதினெட்டுக் குழிகள். காட்டு மரங்களுக்கிடையே, சரிவுகளில், குறுகிய தடங்களில் பந்தைச் செலுத்த வேண்டும். இங்கு வலிமையைவிடத் துல்லியமே பலன் தரும். காலையில் ஓர் ஏற்றம், மாலையில் ஓர் இறக்கம் என நடையும் மிகுதி. மூட்டு வலி உள்ளவர்கள் இதனை எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். ஆளுநர் மாளிகை வளாகம் என்பதால் அடையாளச் சான்று அவசியம். குறிப்பிட்ட நாளில் ஆட அனுமதி உண்டா என்பதையும் முன்னரே கேட்டறிவது நலம்.

ஆடாதவர்கள் ஒரு நாள் முழுவதையும் பீம்தால், சாத்தால், நௌகுசியாதால் ஆகிய அண்டை ஏரிகளில் கழிக்கலாம். வானம் தெளிந்த அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஸ்னோ வியூ முனையிலிருந்து 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தா தேவி சிகரத்தைக் காணலாம். மே, ஜூன் மாதங்களில் கூட்டமும் வாகன நெரிசலும் மிகும். மழைக்காலத்தில் நிலச்சரிவு அபாயம் உண்டு; 1880 செப்டம்பரில் நேர்ந்த சரிவில் 151 பேர் உயிரிழந்த வரலாறு இவ்வூருக்கு இருக்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை தவிர்ப்பதே அறிவுடைமை.

சென்று சேரும் வழி

தில்லியிலிருந்து ஸ்ரீநகருக்கு விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். உள்நாட்டு விமானங்கள் பலவற்றில் கட்டணமின்றி ஏற்கப்படும் சுமை பதினைந்து கிலோ மட்டுமே. முழு மட்டைப்பை ஒன்றே அந்த அளவை எட்டிவிடும். கைப்பையாக அதனை எடுத்துச் செல்லவும் இயலாது. ஆகவே கூடுதல் சுமைக் கட்டணத்தையும், மைதானத்தில் மட்டைகளை வாடகைக்கு எடுக்கும் செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் இரயிலும் ஓடுகிறது. நைனிதாலுக்கோ, புதுதில்லியிலிருந்து சதாப்தி இரயிலில் காத்கோதாம் வரை சென்று, அங்கிருந்து சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர் மலைப்பாதையில் வாடகைக் காரில் ஏறிவிடலாம். மட்டைப்பைக்குத் தனிக் கட்டணக் கவலை இல்லை.

காஷ்மீரப் பயணத்தில் மேலும் ஒன்றைக் கருத வேண்டும். 2025 ஏப்ரலில் பகல்காமில் நிகழ்ந்த தாக்குதலுக்குப் பின் அங்குப் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டு, பின்னர் படிப்படியாகத் திறக்கப்பட்டன. புறப்படும் முன் அரசின் அறிவிப்புகளைப் பார்த்துவிடுங்கள். இரத்து செய்தால் பணம் திரும்பும் வகையிலான பயணச்சீட்டையும் அறையையும் தேர்ந்தெடுப்பதால் ஏற்படும் சிறு கூடுதல் செலவு வீணன்று.

வங்கியாளரின் குறிப்புகள்

ஒன்று, கைப்பேசி. பிற மாநிலங்களில் பெற்ற முன்கட்டண இணைப்புகள் ஜம்மு காஷ்மீரில் இயங்குவதில்லை; பின்கட்டண இணைப்புகளே இயங்கும். உங்கள் கணக்குடன் இணைந்த எண் முன்கட்டண எண்ணாயின், அட்டைப் பரிவர்த்தனைக்கான ஒருமுறைக் கடவுச்சொல் உங்களை வந்தடையாது. அறை வாடகையைச் செலுத்தும் நேரத்தில் இது பெரும் சங்கடம். பயணத்துக்குச் சில வாரங்கள் முன்னரே அதே எண்ணைப் பின்கட்டணத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஓரளவு ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

இரண்டு, சேமிப்பு. மாதம் ரூ.10,000 வீதம் பன்னிரண்டு மாதத் தொடர் வைப்பில் செலுத்தினால், முதல் மட்டும் ரூ.1,20,000 சேரும்; வட்டி தனி. விடுமுறைக்காக நிலை வைப்பை முதிர்வுக்கு முன் முறித்தால் வட்டி குறையும். கடன் அட்டை நிலுவையை மறுமாதத்துக்குத் தள்ளினால், மாதம் மூன்று விழுக்காட்டுக்கு மேலும் வட்டி விதிக்கும் அட்டைகள் உண்டு. ஊர் திரும்பிய பின்னும் தொடரும் வட்டி, விடுமுறையின் இனிமையைக் கரைத்துவிடும்.

மூன்று, வரி. பணியில் இருப்போர் பழைய வரி முறையில் இருந்தால், விடுப்புப் பயணச் சலுகைக்கு நான்காண்டுக் கட்டத்தில் இரு பயணங்களுக்கு விலக்குப் பெறலாம். 2026 முதல் 2029 வரையிலானது ஒரு கட்டம். போக்குவரத்துக் கட்டணத்துக்கு மட்டுமே இவ்விலக்கு. அறை வாடகைக்கும் ஆட்டக் கட்டணத்துக்கும் இல்லை. பயணச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

எதைத் தேர்வது?

உடன் வருவோரில் பலர் ஆடாதவர்கள், மூத்தோரும் இருக்கிறார்கள், ஐந்து நாளேனும் விடுப்பு உண்டு எனில் ஸ்ரீநகரே பொருந்தும். செலவு கூடினும் எவருடைய பொழுதும் வீணாவதில்லை. விடுப்பு மூன்று நாள்தான், இருவர் மட்டுமே செல்கிறீர்கள், இருவருக்கும் மலையேற்றம் சிரமமில்லை எனில் நைனிதால் போதும். அங்கு ஓர் ஆட்டம் ஆடி, மறுநாள் இருவருமாக ஏரியைச் சுற்றி நடந்து வரலாம்.

ஆட்டத்தில் எடுத்த புள்ளிகளை ஆடியவர் மட்டுமே நினைவில் வைத்திருப்பார். அந்தக் காலைப்பொழுதுகள் எப்படிக் கழிந்தன என்பதைக் குடும்பம் முழுவதும் நினைவில் வைத்திருக்கும். முன்பதிவுக்கு முன் வீட்டில் உள்ள ஆடாதவரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்; அடுத்த ஆண்டு விடுமுறைக்கும் மட்டைப்பையை எடுத்துச் செல்ல அதுவே வழி செய்யும்.