மதுரைக்கு வரும் விருந்தினர் கவனத்துக்கு



மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. வாசலில் உள்ள பாதுகாப்பு அறையில் ஒப்படைத்து, டோக்கனைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் போன் இருக்காது என்பதால், குடும்பத்தோடு வருபவர்கள் உள்ளே போகும் முன்பே சந்திக்கும் இடத்தைப் பேசிக்கொள்வது நல்லது. நான்கு திசையிலும் ராஜகோபுரங்கள் இருப்பதால் "கோபுரத்துக்கிட்ட நில்லு" என்றால் போதாது. கிழக்கா, தெற்கா என்று சொல்லுங்கள். குழந்தையின் சட்டைப் பையில் உங்கள் போன் நம்பரை எழுதி வையுங்கள்.

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது, வயதானவர்களும் குழந்தைகளும் நெரிசலின் நடுவே நிற்க வேண்டாம். 2022-இல் அந்த நெரிசலில் 2 பேர் உயிரிழந்தார்கள்.

ரயிலில் கேஸ் சிலிண்டர், ஸ்டவ், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், மதுரை ரயில் நிலையம் அருகே நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறி எடுத்து வந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் பலியானார்கள்.

அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, ரயில் பயணத்தில் 139. இந்த மூன்று எண்களையும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.