தலைப்பு முதல் கடைசிப் பத்தி வரை

கதையில் முடிவு கடைசியில் வரும். நாளிதழ்ச் செய்தியிலோ முடிவுதான் தொடக்கம். முக்கியமான தகவல் முதலில் நிற்க, மற்ற விவரங்கள் முக்கியத்துவம் குறையக் குறையக் கீழே இறங்கும். இதைத் தலைகீழ்ப் பிரமிடு அமைப்பு என்பார்கள். இரண்டு பத்தியோடு நிறுத்திவிடும் வாசகருக்கும் சாரம் கிடைத்துவிடும். கடைசி நேரத்தில் இடம் குறைந்தால், உதவி ஆசிரியர் அடியிலிருந்து வெட்டலாம், செய்தி சிதையாது.

யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு முதல் பத்தி பதில் சொல்ல வேண்டும். ஆறையும் ஒரே வாக்கியத்தில் திணிப்பது தமிழுக்கு ஒத்துவராது. வினைமுற்று கடைசியில் வரும் மொழி இது. வாக்கியம் நீண்டால், நடந்தது என்ன என்று தெரிய முற்றுப்புள்ளி வரை காத்திருக்க வேண்டும். ‘திண்டிவனம் அருகே, நின்றிருந்த லாரி மீது பஸ் மோதியதில் 3 பேர் இறந்தனர்’ என்று முதல் வாக்கியம் முடிந்துவிடலாம். பஸ் எங்கிருந்து வந்தது, டிரைவர் என்ன ஆனார் என்பவை அடுத்தடுத்த வாக்கியங்களுக்கு உரியவை. 1942இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய ‘தினத்தந்தி’ இத்தகைய எளிய நடையால், அதிகம் படிக்காதவர்களையும் நாளிதழ் வாசகர்களாக்கியது.

தலைப்பு இன்னும் இறுக்கமானது. அதில் பெரும்பாலும் வினைமுற்று உதிர்ந்து பெயர்ச்சொல் நிற்கும்: ‘லாரி மீது பஸ் மோதல்: 3 பேர் பலி’. செய்தியில் இல்லாத எதுவும் தலைப்பில் இருக்கக் கூடாது. முதல் பக்கத்தின் மேல்பாதியில் பெரிய எழுத்தில் வருவது அன்றைய தலைப்புச் செய்தி. சிறிய, சுவையான தகவல்கள் கட்டத்துக்குள் பெட்டிச் செய்தியாக அமையும்.

தகவலைச் சொன்னவர் யார் என்பதும் தெரிய வேண்டும். ஒருவரின் நீண்ட பேச்சைத் தமிழ் நாளிதழ்கள் ‘அவர் கூறியதாவது’ என்று தொடங்கி, ‘இவ்வாறு அவர் கூறினார்’ என்று முடிக்கும். இந்த இரண்டு வரிகளுக்கு இடையே உள்ளது பேசியவரின் கருத்து. வெளியே உள்ளதற்கு நிருபர் பொறுப்பு. ‘கூறப்படுகிறது’ என்ற சொல்லோ, கூறியவரை மறைத்துவிடுகிறது. அதைத் தவிர்ப்பதே நல்ல நிருபருக்கு அழகு.

சொல் தேர்வில் சட்டமும் குறுக்கிடும். தீர்ப்பு வரும்வரை கைதானவர் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ மட்டுமே, ‘குற்றவாளி’ அல்ல. பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

நாளிதழின் சொந்தக் கருத்துக்கு இடம் தலையங்கம். செய்திக்குள் ‘வெட்கக்கேடான’, ‘மகத்தான’ போன்ற அடைமொழிகள் நுழைந்தால் தகவலும் தீர்ப்பும் கலந்துவிடும். நடந்ததை நடந்தபடி தந்து, முடிவை வாசகரிடம் விடுவதே செய்தியின் கடமை.