வியூவில் திருத்தினால் டேபிளில் மாறுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் முதலில் அதில் ஏற்ற நினைப்பது கடைக் கணக்கைத்தான். எக்ஸெல்லில் தொடங்குவார்கள். விவரங்கள் பெருகியதும் டேட்டாபேஸ் பக்கம் வருவார்கள். அப்படி வருபவர்களுக்காகவே என் சொந்த அனுபவம் ஒன்றை இங்கு எழுதுகிறேன்.

தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில் என் மாமா தக்காளி மண்டி வைத்திருக்கிறார். இன்ஜினியரிங் முடித்து சாப்ட்வேர் வேலையில் சேர்ந்த நான், அவருக்காக எஸ்க்யூலைட் என்ற இலவச டேட்டாபேஸில் ஒரு கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். அதில் நான் விட்ட ஒரு ஓட்டையால் ஒரு விவசாயிக்கு ரூ.3,600 குறைவாகப் போய்ச் சேர்ந்தது.

வியூ என்றால் என்ன?

மண்டிக் கணக்கை இரண்டு டேபிள்களாகப் பிரித்திருந்தேன். ஒன்றில் விவசாயியின் எண், பெயர், ஊர். இன்னொன்றில் தேதி, விவசாயி எண், கூடை, விலை. இப்படிப் பிரித்தால் ஒரே பெயரைத் தினமும் டைப் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் மாமாவுக்குப் பெயர், கூடை, விலை, தொகை எல்லாம் ஒரே திரையில் வேண்டும். அதற்காக இரண்டு டேபிள்களையும் இணைத்து 'தினக்கணக்கு' என்று ஒரு வியூ உருவாக்கினேன். வியூ என்பது ஜன்னல் போன்றது. அதில் தனியாக எந்தத் தகவலும் சேமிக்கப்படுவதில்லை. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு முறையும் டேபிள்களில் இருப்பதை எடுத்துக் காட்டும், அவ்வளவுதான்.

டிரிக்கர் எதற்கு?

வியூவில் விலையைத் திருத்தப் பார்த்தபோது, இது வியூ, மாற்ற முடியாது என்று பிழைச் செய்தி வந்தது. எஸ்க்யூலைட்டில் வியூக்கள் படிப்பதற்கு மட்டுமே. எழுதவும் வேண்டுமானால் 'இன்ஸ்டெட் ஆஃப்' வகை டிரிக்கர் அமைக்க வேண்டும்.

டிரிக்கர் என்பது ஒரு செயல் நடக்கும்போது தானாக இயங்கும் கட்டளைத் தொகுப்பு. டேபிளில் ஒரு மாற்றம் நடப்பதற்கு முன்போ பின்போ அது இயங்கும். வியூவிலோ மாற்றுவதற்கு எதுவும் இல்லை. எனவே எஸ்க்யூலைட்டில் வியூவின் மேல் 'பிஃபோர்', 'ஆஃப்டர்' டிரிக்கர்களை வைக்க முடியாது. நீங்கள் கேட்ட மாற்றத்துக்குப் பதிலாக எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லும் 'இன்ஸ்டெட் ஆஃப்' மட்டுமே செல்லும்.

நான் அப்படி ஒரு டிரிக்கர் எழுதினேன். வியூவில் திருத்தம் வந்தால், புதிய விலையை எடுத்து வரவு டேபிளில் எழுது என்பதே அதன் வேலை. நன்றாகவே ஓடியது.

எங்கே தவறியது?

ஒரு நாள் 32 கூடை என்பதை 23 என்று டைப் செய்துவிட்டார்கள். மாமா கவனித்து, அதே திரையில் 32 என்று திருத்தினார். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டார். அன்று மாலை 23 கூடைக்கே பணம் கணக்கிடப்பட்டது. கூடை ரூ.400 வீதம் 9 கூடைக்கு ரூ.3,600 குறைந்தது.

மறுநாள் அந்த விவசாயி கையில் துண்டுச் சீட்டுடன் வந்து நின்றார். மாமா எனக்குப் போன் செய்தார். "ஏம்ப்பா, நான் மாத்துனது எங்க போச்சு?"

வரவு டேபிளில் ஏற்கெனவே ஒரு 'ஆஃப்டர்' டிரிக்கர் வைத்திருந்தேன். டேபிளில் எது மாறினாலும் அதைத் தனியாகக் குறித்து வைக்கும். வியூவின் டிரிக்கர் வழியாக வரும் மாற்றத்துக்கும் இது வழக்கம்போல் இயங்கும். அதைத் திறந்து பார்த்தேன். கூடை மாறியதற்கான பதிவே இல்லை. திருத்தம் டேபிளுக்குப் போகவே இல்லை!

காரணம் எளிது. என் டிரிக்கரில் விலையை மட்டும்தான் எழுதச் சொல்லியிருந்தேன். கூடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 'பதிலாக' என்று நாம் சொல்லிவிட்டால், நாம் எழுதியதை மட்டுமே டேட்டாபேஸ் செய்யும். மீதியைப் பற்றி அது வாயே திறக்காது.

எப்படிச் சரிசெய்தேன்?

1. கூடைக்கும் சேர்த்து டிரிக்கரைத் திருத்தி எழுதினேன்.

2. பெயர், ஊர், தொகை ஆகியவற்றை இங்கிருந்து மாற்றக் கூடாது. அவற்றைத் தொட்டால் 'ரெய்ஸ்' கட்டளை மூலம் பிழைச் செய்தி வரும்படி செய்தேன். செய்தியைத் தமிழிலேயே கொடுக்கலாம்.

3. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு முறை மாற்றி, வியூவை மூடித் திறந்து, டேபிளிலும் நேரில் சரிபார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

மற்ற டேட்டாபேஸ்களில்?

எல்லாம் ஒன்றுபோல் நடந்துகொள்வதில்லை. மைக்ரோசாப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரில் 2000 பதிப்பிலிருந்து 'இன்ஸ்டெட் ஆஃப்' உண்டு. ஆரக்கிளிலும் உண்டு. போஸ்ட்கிரெஸ்க்யூலில் 2011-இல் வந்த 9.1 பதிப்பில் சேர்ந்தது. 2013-இல் வந்த 9.3 பதிப்பிலிருந்து, எளிமையான வியூக்களை அதில் டிரிக்கர் இல்லாமலே திருத்தலாம். மைஎஸ்க்யூலில் வியூவின் மேல் டிரிக்கர் வைக்கவே முடியாது. எளிய வியூ வழியாகத் திருத்தினால், அடியில் இருக்கும் டேபிளின் டிரிக்கர் இயங்கும்.

திருத்தக்கூடிய வியூக்களை டேட்டாபேஸே திருத்தித் தர வேண்டும் என்பது எட்கர் காட் 1985-இல் வெளியிட்ட விதிகளில் ஒன்று. ஆனால் எந்த டேபிளில் எதை எழுதுவது என்ற முடிவைப் பல நேரங்களில் நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எஸ்க்யூலைட் உங்களுக்குப் புதிதல்ல. ஆண்ட்ராய்டு போனிலும் பயர்பாக்ஸிலும் அது ஏற்கெனவே இருக்கிறது. 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட்' என்ற இலவச புரோகிராமை இறக்கிக்கொண்டு, இரண்டு சிறிய டேபிள்களை வைத்து இதைச் செய்து பாருங்கள்.

அந்த விவசாயிக்கு அன்றே பாக்கியைக் கொடுத்துவிட்டோம். சீட்டு எழுதும் வழக்கத்தை மட்டும் மாமா இன்றுவரை விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.