உங்களுக்குத் தெரியுமா? பள்ளையாட்டுக் குட்டியின் முதல் நூறு நாள்

பள்ளை என்றால் குள்ளம். உயரம் குறைந்த ஆட்டைப் பள்ளையாடு என்று அழைப்பது தமிழில் பழைய வழக்கு. உலகெங்கும் பேர்பெற்ற குள்ள ஆடுகளில் வங்காளத்தின் 'பிளாக் பெங்கால்' ஒன்று, மேற்கு ஆப்பிரிக்கக் குள்ள ஆடு இன்னொன்று. பிளாக் பெங்கால் குட்டி பிறக்கும்போது ஒரு கிலோவுக்குச் சற்று கூடக் குறைய இருக்கும். இரண்டு கையில் அள்ளிவிடலாம். அந்தச் சின்ன உடம்பில் சூடு தங்காது. அதனால்தான் பெரிய இனக் குட்டியைவிட இதற்குக் கவனிப்பு அதிகம் வேண்டும்.

*

ஆட்டுக்குட்டி நோயை எதிர்க்கும் சக்தி இல்லாமலேயே பிறக்கிறது. மனிதக் குழந்தைக்கு அந்தச் சக்தியில் ஒரு பங்கு கருப்பையிலேயே வந்துவிடும். ஆட்டின் நஞ்சுக்கொடி அதைக் கடத்தாது. குட்டிக்கு வேண்டியது முழுவதும் சீம்பாலில்தான் இருக்கிறது. அதை அப்படியே ரத்தத்தில் சேர்க்கும் வழி பிறந்தவுடன் குடலில் அகலத் திறந்திருக்கும். நேரம் போகப் போகச் சுருங்கி, ஏறக்குறைய ஒரு நாளில் அடைபட்டுவிடும். அதனால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊட்டு, ஒரு நாளுக்குள் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால். 'நஞ்சு விழட்டும், பிறகு ஊட்டலாம்' என்று காத்திருக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து விட்டுவிடுங்கள். பல குட்டிகள் இறப்பதற்கு அந்தக் காத்திருப்பே காரணம்.

*

பிறந்த குட்டி சோர்ந்து கிடந்தால், கை கழுவிவிட்டு ஒரு விரலை அதன் வாய்க்குள் வையுங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து, நாக்கு விரலைச் சுற்றிச் சப்பினால் பயமில்லை, மடியில் விடலாம். வாய் சில்லென்றிருந்தால் பால் புகட்டக் கூடாது. குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. விழுங்கவும் தெம்பு இராது, நுரையீரலுக்குள் போய்விடும். துணியால் துடைத்து, சாக்கில் சுற்றி, வாய் சூடேறிய பிறகுதான் பால்.

*

தாய் ஆடு தன் குட்டியை முதலில் வாசனையால்தான் அடையாளம் காண்கிறது. நக்கிச் சுத்தம் செய்யும் அந்தச் சில நிமிடங்களிலேயே உறவு உறுதியாகிவிடுகிறது. அழகாக இருக்கிறதே என்று அந்த நேரத்தில் குட்டியைத் தூக்கிப் போய்க் குளிப்பாட்டினால், திரும்பக் கொண்டுவந்து விடும்போது தாய் முட்டித் தள்ளும். நாம் செய்ய வேண்டியது மூக்கிலும் வாயிலும் இருக்கும் சளியை எடுப்பதும், தொப்புள்கொடி நுனியில் டிங்சர் அயோடின் தொடுவதும் மட்டுமே.

*

ஆட்டுக்கு மடிக்காம்பு இரண்டு. குள்ள இனங்களோ ஓர் ஈத்துக்கு இரண்டு, மூன்று குட்டி போடுபவை. மூன்றாவது குட்டிக்கு என்ன வழி? முதுகைக் கூனி, வயிறு ஒட்டி, மூலையில் தனியாக நிற்பது அதுதான். புட்டிப்பால் அதற்குத் தேவை.

புட்டியைப் பிடிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. குட்டி சப்பிக் குடிக்கும்போது உணவுக்குழாயின் முடிவில் தசை மடிந்து ஒரு வாய்க்கால் உருவாகும். முதல் மூன்று இரைப்பைகளைத் தாண்டி, நான்காவதான செரிக்கும் இரைப்பைக்கே பால் நேராகப் போய்ச் சேரும். தாய்மடியில் குடிப்பதுபோலக் கழுத்து சற்று மேல்நோக்கி நீண்டிருக்கப் புட்டியைப் பிடியுங்கள். படுக்கவைத்து வாயில் ஊற்றினால் பால் தடம் மாறும். குடிக்கும்போது வால் படபடவென்று ஆடுகிறதா, சரியாகக் குடிக்கிறது.

*

ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழே 8 பல், மேலே கெட்டியான ஈறு.

*

ஆட்டுக்குட்டிகளின் குரலிலும் 'ஊர்ப் பேச்சு' உண்டு. லண்டன் குயின் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குள்ள ஆடுகளின் குட்டிகளைக் கவனித்து 2012-இல் இதை வெளியிட்டார்கள். ஒன்றாக வளரும் குட்டிகளின் குரல் நாளடைவில் ஒன்றுபோலாகிவிடுகிறதாம். ஜெர்மனியின் டும்மர்ஸ்டார்ஃப் ஆய்வு நிலையத்திலோ, திரையில் தெரியும் உருவங்களில் சரியானதைத் தொட்டால் தண்ணீர் கிடைக்கும் என்று குள்ள ஆடுகள் கற்றுக்கொண்டன. பக்கத்திலேயே சும்மா குடிக்கத் தண்ணீர் வைத்த பிறகும் அந்தத் திரையைத் தேடிப் போயின.

இவ்வளவு மூளை உள்ள பிராணியை ஒற்றையாகக் கட்டிப்போட்டால் அது கத்தத்தான் செய்யும். பசி என்று நினைத்து மேலும் மேலும் தீனி போடுகிறோம். அதற்கு வேண்டியது துணை. ஆசைக்கு ஒரு குட்டி வாங்க நினைப்பவர்கள் இரண்டாக வாங்குங்கள், அல்லது வாங்காதீர்கள். ஏறி விளையாட ஒரு மரக்கட்டை, கவிழ்த்த தொட்டி போதும்.

*

இரண்டு வாரத்திலேயே குட்டி இலையைக் கொறிக்கத் தொடங்கும். அந்தக் கொறிப்புதான் முதல் இரைப்பையை வளர்க்கிறது. ஆடு மேய்வதைவிடத் தழை ஒடித்துத் தின்னும் பிராணி. ஆகவே அகத்தி, வேலிமசால், பலா இலைகளைக் கட்டாகக் கட்டி முகத்தின் உயரத்தில் தொங்கவிடுங்கள். தரையில் போட்டு மிதித்ததைத் தொடாது. தொட்டாலும் புழுக்கையோடு சேர்ந்து குடற்புழுவும் ரத்தக்கழிச்சலும் வரும்.

அரளி, ஆமணக்கு விதை, இளம் சோளப்பயிர், மரவள்ளித் தழை எட்டக் கூடாது. இவற்றைவிட வீட்டு ஆடுகளை அதிகம் ஏமாற்றும் நஞ்சு, பந்தியில் மிஞ்சிய சோறு. பாசத்தோடு வைக்கும் ஒரு சட்டிச் சோறு வயிற்றுக்குள் அமிலமாகப் புளித்து, மறுநாளே ஆட்டைச் சாய்த்துவிடும்.

*

குள்ள இனக் கிடாக்குட்டி மூன்று மாதத்திலேயே சினைப்படுத்தும் பருவத்தை எட்டிவிடலாம். தாயிடமிருந்தும் உடன்பிறந்த பெட்டையிடமிருந்தும் அதற்குள் பிரியுங்கள். குட்டியே குட்டி போடும் கொடுமை நம் கவனக்குறைவால் நடப்பது.

*

மாடுகளை வாரிக்கொண்டுபோன வெக்கை நோய் உலகில் அடியோடு ஒழிந்ததாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. அதே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டுக்கொல்லி நோயை 2030-க்குள் ஒழிப்பது உலக நாடுகளின் இலக்கு. இதற்கான ஊசியை மூன்று மாதம் நிறைந்த குட்டிக்குப் போடலாம். துள்ளுமாரி நோய்க்கும் தடுப்பூசி உண்டு. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் இந்த வாரமே நாள் கேட்டு வையுங்கள்.