காணாமல் போன விளையாட்டு



போன மாதம் நம் கம்ப்யூட்டர் லேபில் லினக்ஸின் புதிய பதிப்பைப் போட்டோம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டச்சு பழகும் விளையாட்டை நான் மறுபடி நிறுவப் பார்த்தேன். ‘அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்’ என்று திரையில் வந்தது. அப்படி ஒரு பொருளே இல்லையாம்! “அண்ணா, எங்க கேம் எங்க?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லினக்ஸில் புரோகிராம்கள் எல்லாம் ஒரு பெரிய கிடங்கில் இருக்கும். அதற்கு ‘ரெபாசிட்டரி’ என்று பெயர். அதில் உள்ள ஒவ்வொரு பொட்டலமும் ஒரு ‘பேக்கேஜ்’. உதாரணத்துக்கு டெபியனை எடுத்துக்கொள்வோம். இயான் மர்டாக் என்பவர் 1993-ல் தொடங்கியது இது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 69,000-க்கும் மேல் பேக்கேஜ்கள்! நம் நாட்டில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கும் டெபியன்தான் அடிப்படை.

இத்தனையையும் யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பெரும்பாலும் தன்னார்வலர்கள். நம் பள்ளியில் மரக்கன்று நட்டு, ஆளுக்கொன்றாகப் பெயர் எழுதி வைத்தோமே, அதே மாதிரிதான். ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு ‘மெயின்டெய்னர்’ அல்லது ஒரு குழு உண்டு. பிழை என்று யாராவது சொன்னால் அவர்தான் பார்க்க வேண்டும். புதிய பதிப்பு முதலில் ‘அன்ஸ்டேபிள்’ பகுதிக்குப் போகும். சில நாட்கள் பெரிய பிழை இல்லாவிட்டால் ‘டெஸ்டிங்’ பகுதிக்கு வரும். சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அது ‘ஸ்டேபிள்’ என்று வெளியாகும்.

சரி, கன்று நட்ட அண்ணன் ப்ளஸ் டூ முடித்துப் போய்விட்டால்? டெபியனில் அந்தப் பேக்கேஜை ‘ஆர்ஃபன்’, அதாவது அனாதை என்று அறிவிப்பார்கள். விருப்பமுள்ள யாரும் தத்தெடுக்கலாம். யாரும் வராமல், கடுமையான பிழையும் சரியாகாமல் கிடந்தால், முன்கூட்டியே எச்சரித்துவிட்டு டெஸ்டிங்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். கிடங்கிலிருந்தே நீக்க வேண்டுமானால் காரணம் எழுதிக் கேட்க வேண்டும். அதை நம்பி வேறு பேக்கேஜ் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கிடங்குப் பொறுப்பாளர்கள் நீக்குவார்கள். அடிக்கல்லை உருவினால் சுவர் விழுமே!

நம் விளையாட்டு பைதான் 2-ல் எழுதியது. அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் பைதான் 2 இல்லவே இல்லை. பைதான் 3-க்கு மாற்றி எழுத ஆள் கிடைத்த புரோகிராம்கள் பிழைத்தன. ஆள் கிடைக்காதவை வெளியே போயின. நம்முடையதும் அப்படிப் போனதுதான்.

“நல்லா ஓடினதை ஏன் எடுக்கணும்?” என்று எனக்கும் முதலில் கோபம் வந்தது. ஆனால் யாரும் பழுது பார்க்காத புரோகிராமில் ஓட்டை இருந்தால், அது பூட்டில்லாத கதவு. கிடங்கில் இருக்கிறது என்றால் நம்பிப் போடலாம் என்றுதானே நினைக்கிறோம்? அந்த நம்பிக்கையைக் காப்பாற்றத்தான் நீக்குகிறார்கள். ஏற்கெனவே நம் கணினியில் இருப்பதை யாரும் வந்து பிடுங்குவதில்லை. அதற்கு இனி பழுது நீக்கம் வராது, அவ்வளவுதான். பழைய பதிப்புகளும் ‘ஸ்னாப்ஷாட்’ என்ற காப்பகத்தில் இருக்கும்.

பிள்ளைகளுக்கு சார் வேறொரு தட்டச்சுப் புரோகிராம் போட்டுக் கொடுத்துவிட்டார். எனக்குத்தான் ஒன்று உறுத்துகிறது. பழைய விளையாட்டில் ஒரு பிழை இருப்பது எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். ஒரு தடவைகூட யாருக்கும் எழுதிச் சொல்லவில்லை. இலவசமாகக் கிடைக்கிறது என்று எடுத்துக்கொண்டேன், ஒரு குவளை தண்ணீர்கூட ஊற்றவில்லை.

நண்பர்களே, நீங்கள் பயன்படுத்தும் புரோகிராமில் பிழை கண்டால் தெளிவாக எழுதி அனுப்புங்கள். அதற்குப் புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. நான் பைதான் 3 படிக்க ஆரம்பித்துவிட்டேன். கூட வர யார் ரெடி?

— பதினோராம் வகுப்பு மாணவன், கணினி அறிவியல் பிரிவு