வளரும் நகரமும் வளரும் நீருரிமையும்

சிற்றூராயிருந்த காலத்தில் ஆற்றுநீரில் ஒரு நகரத்துக்கு ஏற்பட்ட பாத்தியம், அவ்வூர் பெருநகரமானபோது தானும் உடன் பெருகுமோ? அன்றி முன்னிருந்த அளவிலேயே நிற்குமோ? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குப் பகுதியில் இவ்வினா நூறாண்டுக்கு மேலாக நியாயஸ்தலங்களை அலைத்திருக்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1781-ஆம் ஆண்டில், ஸ்பெயின் தேசத்தாரின் ஆட்சியில், 44 குடியேறிகளைக் கொண்டு நிறுவப்பட்டது. இத்தகைய ஊருக்குப் ‘பியூப்லோ’ என்று பெயர். 1848-இல் கலிபோர்னியா அமெரிக்கர் வசமாயிற்று. பியூப்லோவின் வாரிசு தாங்களே என்றும், குடிகளின் தேவை எவ்வளவு வளரினும் அவ்வளவு ஆற்றுநீரும் முதற்கண் தங்களுக்கே உரியதென்றும் நகரத்தார் வழக்காடினர். 1895-லும் 1899-லும் கலிபோர்னியாவின் தலைமை நியாயஸ்தலம் அதனை ஏற்றது. ஆற்றுக்கு ஊட்டமாகும் நிலத்தடி நீரும் அவ்வுரிமையில் அடங்கிற்று.

அண்டை நகரங்களாகிய கிளெண்டேல், பர்பாங்க் முதலியன ஸான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் கிணறுகளினின்று நீர் இறைத்துவந்தன. அவற்றின்மேல் லாஸ் ஏஞ்சலிஸ் 1955-இல் வழக்குத் தொடுத்தது. அப்படியோர் உரிமையே இல்லையென்று கீழ்நியாயஸ்தலம் தீர்த்தது. 1975-இல் தலைமை நியாயஸ்தலமோ, சரித்திர ஆதாரம் ஐயத்துக்கிடமானதாயினும், நகரம் பழந்தீர்ப்புகளை நம்பி நெடுங்காலம் நடந்துவந்தமையால் அவ்வுரிமையை நிலைநிறுத்தியது. எனினும் பள்ளத்தாக்கில் இயற்கையாய் ஊறும் நீருக்கே அது செல்லும். வெளியிலிருந்து கொணர்ந்த நீருக்குச் செல்லாது.

நியூ மெக்ஸிகோவிலும் லாஸ் வேகஸ் என ஓர் ஊர் உண்டு. சூதாட்டத்துக்குப் பேர்போன நெவாடா நகரம் வேறு. 1835-இல் மெக்ஸிகோ அரசின் மானியத்தால் தோன்றிய இவ்வூர் காயினாஸ் ஆற்றை நம்பியது. நகருக்கு நீர் வழங்கிய கம்பெனி அளவுக்கு மிஞ்சி எடுப்பதாகக் கீழ்மடை உழவர் வழக்கிட்டனர். அந்நாட்டுச் சட்டப்படி முந்தி எடுத்துப் பயன்படுத்தியவனுக்கே முதலுரிமை. பயன்படுத்திய அளவே உரிமையின் அளவு. ஆயினும் 1958-இல் பியூப்லோ உரிமையே வென்றது. நகரம் வளருந்தோறும் தன் வாய்க்காலில் எவ்வளவு மிஞ்சும் என்பதை எவ்வுழவன் கணிக்கக் கூடும்? நிலத்தை நம்பிக் கடன் கொடுப்பவனும் தயங்குவானன்றோ?

46 ஆண்டுகளுக்குப் பின், 2004-இல், அதே நியாயஸ்தலம் தன் தீர்ப்பைத் தானே மாற்றியது. தேவையோடு எல்லையின்றி விரியும் உரிமை, பயன்பாட்டால் அளக்கப்படும் உரிமையோடு ஒருநாளும் பொருந்தாதென்பது அதன் துணிபு. எமக்கும் இதுவே தக்கதாகத் தோன்றுகிறது. கலிபோர்னியத் தீர்ப்பு நகரத்தாரின் நம்பிக்கையைக் காத்தது; அண்டையூரார் தங்கள் கிணறுகளின்மேல் வைத்த நம்பிக்கையை யார் காப்பது? ஆயினும் குடிநீரைத் திடீரென நிறுத்தலும் ஆகாது. ஆகவே, பழந்தீர்ப்பை நம்பியிருந்த நகரத்தாருக்கு எவ்வகையில் பரிகாரம் செய்யலாம் என்று ஆராயும்படி அவ்வழக்கு கீழ்நியாயஸ்தலத்துக்கே திருப்பியனுப்பப்பட்டது.